உங்களுக்குத் தெரியுமா? அம்பாசடரின் பந்தய உறவுகள்

நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் பல ஆண்டுகள் கோலோச்சிய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும், 1955-இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் ‘பி’ வரிசை எஞ்சின் அது. எம்ஜிஏவில் இரட்டைக் கார்புரேட்டர் பூட்டி வேகமெடுக்க வைத்தார்கள். இங்கே ஒற்றைக் கார்புரேட்டரோடு கல்யாண கோஷ்டியையும் மூட்டை முடிச்சுகளையும் இழுத்தது.

சென்னை வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இப்படி ஒரு சொந்தம் உண்டு. அதன் இங்கிலாந்து மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கி, அதே குடும்ப எஞ்சினைப் பொருத்தி 1962-இல் வந்ததுதான் இரண்டு இருக்கை ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் பல இப்படிக் குடும்பக் கார்களிலிருந்து பிறந்தவையே. 1958-இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டைப் பாருங்கள்: எஞ்சின் ஆஸ்டின் ஏ35-இலிருந்து, ஸ்டீயரிங் மோரிஸ் மைனரிலிருந்து. டிக்கிக்கு வெளிக்கதவே கிடையாது. இருக்கைக்குப் பின்னால் கையை நுழைத்துத்தான் பெட்டியை வைக்க வேண்டும். விலையைக் குறைக்க எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் குறைத்தார்கள். சம்பளக்காரர் ஒருவரும் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முடிந்தது அதனால்தான். என் கணிப்பில், இந்தக் கார்களின் மிகப் பெரிய பெருமையே அதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கே அரசு முன்னுரிமை தந்தது. பின்னாளிலும் ஏற்றுமதியே பிரதானம்: ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரான எம்ஜிஏவில் பிரிட்டனிலேயே விற்றவை ஆறாயிரத்துக்கும் குறைவு. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இன்று பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் கலிஃபோர்னியாவின் வறண்ட காற்றில் துருப்பிடிக்காமல் தப்பிய கார்களைத் தேடிப்பிடித்துத் தாய்நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

1945-இல் வந்த எம்ஜி டிசியின் எஞ்சினைக் கழற்ற உட்கார்ந்தால் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. போல்ட்டின் தலைக்கு பிரிட்டிஷ் விட்வொர்த் ஸ்பேனர் வேண்டும். உள்ளே மரையோ பிரெஞ்சு மெட்ரிக் அளவு! எஞ்சினைச் செய்த கவென்ட்ரி ஆலை முன்பு பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸ்ஸினுடையது. 1923-இல் மோரிஸ் அதை வாங்கிய பிறகும் பழைய இயந்திரங்களின் மரை அளவே நிலைத்துவிட்டது.

ஜாகுவார் எக்ஸ்கே120, 1948-இல் லண்டன் கண்காட்சிக்கு வந்தபோது, புதிய எஞ்சினுக்கு விளம்பரமாகக் கொஞ்சம் கார்கள் செய்தால் போதும் என்றே நினைத்தார்கள். ஆர்டர் குவிந்தது, 12,000-க்கும் மேல் செய்ய வேண்டியதாயிற்று. மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திக் கையால் செய்த முதல் இருநூற்றுச் சொச்சம் கார்களுக்குத்தான் இன்று தனி மவுசு. அந்த எக்ஸ்கே எஞ்சினோ 1992 வரை தயாரிப்பில் இருந்தது. ஸ்கார்ப்பியன் என்ற இலகுரக ராணுவ டாங்கியையும் அது ஓட்டியிருக்கிறது.

1955, 56, 57 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லு மான் பந்தயத்தை வென்றது ஜாகுவார் டி டைப். விற்காமல் நின்ற டி டைப்களைச் சாலைக் கார்களாக மாற்றி, எக்ஸ்கேஎஸ்எஸ் என்று பெயரிட்டு 25 கார்கள் செய்யத் திட்டமிட்டார்கள். 1957 பிப்ரவரி 12 அன்று கவென்ட்ரி பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீ. ஒன்பது கார்கள் கருகின. முழுமையடைந்தவை 16 மட்டுமே. அதில் ஒன்றை நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டினார். அந்த விடுபட்ட ஒன்பதையும் புதிதாகக் கட்டித் தருவதாக 2016-இல் ஜாகுவார் அறிவித்துச் செய்தும் முடித்தது. வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் 1957-இன் சாலையில் ஓடிய காரையும் அவற்றையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அசலை எப்படி அறிவது? கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பல பழைய தொழிற்சாலைகளின் உற்பத்திப் பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், கார் தயாரான தேதி, முதலில் பூசிய நிறம், எஞ்சின் எண், அனுப்பிய ஊர் என்று பதிவில் உள்ளதைச் சான்றிதழாகத் தருவார்கள்.

மால்வர்னில் தயாராகும் மோர்கன் காரின் சேசிஸே மரம் என்று பலர் நம்புகிறார்கள். தவறு. சேசிஸ் உலோகம்தான், அதன் மேல் பாடியைத் தாங்கும் சட்டம்தான் ஆஷ் மரம். தச்சர்கள் இன்றும் அதைக் கையால் இழைக்கிறார்கள்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஆனால் அதற்குப் புத்தம்புது பாடி இன்றும் வாங்கலாம்! பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய டைகளைத் தேடியெடுத்து, 1988 முதல் அவற்றிலேயே தகடு அடித்துத் தருகிறது. துரு தின்ற காரின் எஞ்சினையும் அச்சுகளையும் கழற்றி இதில் மாற்றிக்கொள்கிறார்கள்.

லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவனின் உரிமையை 1973-இல் கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கியது. அன்றுபோலவே இன்றும் உதிரிகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, சொந்த ஷெட்டில் நாமே பூட்டி ஓட்டலாம்.