கதைக்குள் பேசும் 'நான்'

ஒரு மாணவி சஞ்சிகைக்குக் கதை எழுதுகிறாள். வாப்பாவோடு கோபித்துக்கொண்டு சோறு தின்னாமல் படுத்துவிட்ட ஒருத்தி, 'நான்' என்று தன் கதையைச் சொல்கிறாள். சஞ்சிகை வெளிவந்த மறுநாள் அயல்வீட்டு மாமி வந்து உம்மாவிடம் மெல்லக் கேட்கிறார்: "புள்ளைக்கும் வாப்பாவுக்கும் ஏதும் கரைச்சலா?" அடுத்த வருடம் அந்த மாணவி கதை எழுதுவதில்லை. எழுதினாலும் மரம் பேசுகிறது, மழை பேசுகிறது. மனிதர் யாரும் வாய் திறப்பதில்லை.

ஒரு சொல் தெரியாததால் வந்த வினை இது. அச்சொல் 'கதைசொல்லி'. கதையை எழுதுபவர் ஆசிரியர். கதைக்குள் நின்று அதைச் சொல்பவர் கதைசொல்லி. இருவரும் ஒருவராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. அக்கரைப்பற்று அ.ஸ. அப்துஸ் ஸமதுவின் சிறுகதைத் தொகுதி ஒன்றின் பெயர் 'எனக்கு வயது பதின்மூன்று'. அதைப் பார்த்து ஆசிரியருக்கு வயது பதின்மூன்று என்று யாரும் எண்ணமாட்டோம். மூதூர் வ.அ. இராசரத்தினத்தின் 'தோணி'யில், சொந்தத் தோணிக்கு ஏங்கும் மீனவ இளைஞன் 'நான்' என்று பேசுகிறான். எழுதியவரோ பாடசாலை ஆசிரியர். பெரியவர்களுக்குத் தரும் இந்த நம்பிக்கையை நம் பிள்ளைகளுக்கும் தரலாமே.

கதைசொல்லியை எங்கே நிறுத்துகிறோம் என்பதே நோக்குநிலை. ஓர் உதாரணம் பார்ப்போம். இரவு வாவியில் இறாலுக்குப் போன வாப்பா விடிந்தும் திரும்பவில்லை. பத்து வயது மகள் சொன்னால் கதை இப்படி வரும்: "உம்மா தேத்தண்ணியை மூன்றாம் முறையும் சூடாக்கினா. யாருக்கும் ஊத்தல்ல." பயம் என்ற சொல்லே இல்லை, ஆனால் நமக்கு நெஞ்சு அடிக்கிறது. அதே பிள்ளை "வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்தோம்" என்று சொன்னால் கதை உடைந்துவிடும். அது பிள்ளையின் வாயல்ல, கட்டுரைக் கொப்பியின் வாய்.

உம்மாவே சொல்வதானால், புறப்படுமுன் நடந்த சண்டையும், அவர் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையும் கதைக்குள் வந்துவிடும். இவை இரண்டும் தன்மை நோக்கு. எல்லாம் அறிந்த படர்க்கைக் கதைசொல்லியோ அக்கரைக்கும் போவார். தோணியில் நீர் ஏறியதால் கரை ஒதுங்கிய வாப்பா, அங்கே யாரோ ஒருவருடைய குடிலில் நிம்மதியாகத் தூங்குவதைக் காட்டுவார். இப்போது நமக்குத் தெரிந்தது உம்மாவுக்குத் தெரியாது. இந்த இடைவெளிக்குப் பெயர் நாடக முரண். பயம் போய், உம்மாவின் மேல் இரக்கம் வருகிறது. சம்பவம் ஒன்றுதான், சொல்பவர் மாற வாசகரின் உணர்வும் மாறுகிறது.

குறியீட்டைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 'தோணி'யில் வரும் தோணி உண்மையில் மிதக்கும் தோணி. கூடவே அது, தன் உழைப்பு தனக்கே சேரவேண்டும் என்ற ஆசையும் ஆகிறது. பொருள் பொருளாகவே இருந்துகொண்டு இன்னொன்றையும் சுமப்பதே குறியீடு. "தோணி ஒரு குறியீடு" என்று ஒரே வரியில் விடையை முடிக்க வேண்டாம். எதற்குக் குறியீடு, கதையின் எந்த இடத்தில் அப்படி ஆகிறது என்று காட்டுங்கள். மூத்தம்மாவின் வெற்றிலைப் பெட்டி பல கதைகளில் வெறும் வெற்றிலைப் பெட்டிதான்.

உருவகக் கதை வேறு. கல்முனைப் பக்கத்து எழுத்தாளர் உமா வரதராஜனின் 'அரசனின் வருகை' நல்ல உதாரணம். நாட்டில் அரசர்கள் இல்லாத, யுத்தம் நடந்த காலத்தில் எழுதப்பட்ட கதை அது. அதில் அழிவு கண்ட ஓர் ஊருக்கு அரசன் வருகிறான். இங்கே ஒரு பொருள் மட்டுமல்ல, கதை முழுவதுமே இன்னொரு கதையைச் சொல்கிறது. அரசன் யார், ஊர் எது என்று அதில் எழுதியிருக்காது. அந்த நாட்களை இங்கே வாழ்ந்து கடந்த உங்கள் உம்மாவிடமோ வாப்பாவிடமோ கதையை வாசித்துக் காட்டிக் கேளுங்கள்.