பாரம் மிஞ்சிய டிரெய்லர்



கரும்பு அரவைக் காலத்தில் கடலூர், விழுப்புரம் மாவட்டச் சாலைகளில் டிராக்டர்கள் மலைபோல் கரும்பு ஏற்றிய டிரெய்லர்களை ஆலைக்கு இழுத்துச் செல்லும். தலைக்காயத்தோடும் தொடையெலும்பு முறிவோடும் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவரப்படுகிறவர்களில் இந்த வண்டிகளால் அடிபட்டவர்களும் உண்டு. இவ்விபத்துகள் ஏன் நேரிடுகின்றன என்பதை உங்களுக்கு விளக்க விரும்புகிறோம்.

விவசாய டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக் கிடையாது. டிராக்டரின் பிரேக்தான் இரண்டையும் நிறுத்த வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் பின்னாலுள்ள பாரம் டிராக்டரை முன்னே தள்ளும். டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி அதையும் கவிழ்த்துவிடும். மேட்டில் ஏறும்போதோ பாரம் பின்னுக்கு இழுக்க, முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும்; ஸ்டீயரிங் பயன்படாது. உயர அடுக்கிய வண்டி, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலே சாய்ந்துவிடும்.

இரவில் ஆபத்து இன்னும் அதிகம். நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு பின்விளக்கை மறைக்கும். பாரம் தாங்காமல் டயர் வெடித்தால் வண்டி இருட்டில் நடுச்சாலையிலேயே நிற்கும். எதிர் வாகனத்தின் வெளிச்சத்தில் கண் கூசி வரும் மோட்டார் சைக்கிள்காரர் நேரே அதில் மோதுகிறார். பலவேளைகளில் அவர்தான் வீட்டின் ஒரே சம்பாத்தியக்காரர்.

ஓட்டுநரை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. டன் கணக்கில் கூலி என்றால் ஒரே நடையில் இரண்டு நடைப் பாரம் ஏற்றத் தோன்றும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஆனால் போன உயிரை எந்த அபராதமும் திருப்பித் தராது.

புதுவீட்டின் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டும்படி மோசேயின் நியாயப்பிரமாணம் கட்டளையிட்டது (உபாகமம் 22:8). நம்முடைய கவலையீனத்தால் பிறர் விழலாகாது என்பதே அதன் கருத்து. நல்ல சமாரியன் காயங்கட்டினான். காயம் நேராமல் காப்பதும் அதே அன்புதான்.

ஆகவே உங்கள் சபையில் டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் அன்போடு பேசுங்கள். அளவோடு பாரம் ஏற்றவும், டிரெய்லரின் பின்புறம் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவும் சொல்லுங்கள். கன்வென்ஷனுக்கோ கல்யாணத்துக்கோ டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதிருங்கள். விபத்தைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். காயப்பட்டவரின் கழுத்தை அசைக்காமல், இரத்தம் வடியும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். நல்மனதோடு உதவுகிறவர்களுக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது, பயப்பட வேண்டாம்.

உங்கள் காணிக்கை ஏழைகளின் ஆபரேஷனுக்குக் கைகொடுக்கிறது. இந்த அரவைக் காலத்தில் எங்கள் கட்டில்கள் காலியாயிருக்கும்படியும் ஜெபியுங்கள்.