சார்லட் பிராண்டியும் அவர்தம் பதிப்பாளரும்

நூலாசிரியர் ஒருவர் தம் நண்பர்க்கு எழுதிய கடிதங்களை விரும்பி ஆராய்வோர், அவரே தம் பதிப்பாளர்க்கு எழுதியவற்றைப் பணக்கணக்கும் அச்சுக்குறிப்பும் என்று ஒதுக்கிவிடுதல் உண்டு. அங்ஙனம் ஒதுக்கத்தகாத தொகுதி ஒன்று விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கில இலக்கியத்தில் உள்ளது. ‘ஜேன் அயர்’ என்னும் நாவலை இயற்றிய சார்லட் பிராண்டி (1816–1855), இலண்டன் மாநகரின் ஸ்மித் எல்டர் பதிப்பகத்தார்க்கு 1847 முதல் எழுதிய கடிதங்களே அவை. ஓர் எழுத்தாளர் எவற்றை விட்டுக்கொடுத்தார், எவற்றை விட்டுக்கொடுக்க மறுத்தார் என்பதனை அவருடைய நாவல்களினும் இக்கடிதங்களே தெளிவுறக் காட்டுகின்றன என்பது எம் கருத்து.

தொடர்பு தொடங்கிய வகையே விந்தையானது. யார்க்ஷயரில் ஹாவொர்த் என்னும் சிற்றூரின் பாதிரியார் மகளிர் மூவர், கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்னும் புனைபெயர்களில் 1846-இல் தம் கைப்பொருள் கொண்டு கவிதைத் தொகுதி ஒன்றை வெளியிட்டனர். ஓராண்டில் விலைபோனவை இரண்டே படிகள். பின்னர்ச் சார்லட் எழுதிய ‘பேராசிரியர்’ என்னும் நாவல் பல பதிப்பகங்களுக்குச் சென்று திரும்பிற்று. திரும்பிய ஏட்டைப் பழைய உறையிலேயே இட்டு, முன்னைய பதிப்பாளர் பெயர்களை அடித்துவிட்டு, அடுத்தவர்க்கு அனுப்பினார் அவர். 1847 ஜூலையில் ஸ்மித் எல்டர் நிறுவனத்தாரை அடைந்தது அவ்வுறைதான். பிறர் மறுத்த செய்தியை மறைக்கவும் அறியாத உள்ளத்தை அவ்வுறையே காட்டிவிடுகின்றது.

அவர்களும் அந்நாவலை ஏற்றிலர். ஆயினும், அந்நிறுவனத்தில் கையெழுத்துப் படிகளைப் படித்து மதிப்பிடும் பணியிலிருந்த வில்லியம் ஸ்மித் வில்லியம்ஸ், அதன் நிறைகுறைகளை ஆராய்ந்து, மூன்று தொகுதியாக அமையும் நூலொன்று இருப்பின் கருத்துடன் பார்ப்பதாக விரிவான விடை எழுதினார். நயமற்ற ஏற்பினும் அம்மறுப்பே தமக்கு ஊக்கம் தந்தது எனச் சார்லட் பின்னர் எழுதினார். ஆய்வேடுகளுக்கு ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதிப் பழகிய நம்மனோர் அறிய வேண்டிய செய்தி இது. ஒரு திங்கள் கழியுமுன் ‘ஜேன் அயர்’ கையெழுத்துப் படி இரயிலில் அனுப்பப்பெற்றது. இளைஞராகிய நிறுவனத் தலைவர் ஜார்ஜ் ஸ்மித் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதனைப் படித்து முடித்தார். அக்டோபரில் நூல் வெளிவந்தது.

அக்காலத்துக் கடிதங்கள் கரர் பெல் என்னும் பெயராலேயே நடந்தன. விடைகள் ‘பிராண்டிச் செல்வியார் வாயிலாக’ வந்தன. தங்கை நூலின் பதிப்பாளர் மூவரையும் ஒருவரேபோற் காட்ட முற்பட்டதால், 1848 ஜூலையில் சார்லட்டும் ஆனும் நேரே இலண்டன் கார்ன்ஹில் தெருவுக்குச் சென்று உண்மையை வெளியிட்டனர். ஸ்மித் தாம் எழுதிய கடிதத்தை அறிமுகமற்ற பெண்ணொருத்தி கையிற் கண்டு, அஃது எங்ஙனம் கிடைத்தது என வினவினார். இதனை வரலாற்று நூல்கள் சுவைபடக் கூறும். அவை விரைந்து கடந்துவிடுவது அத்திங்களின் இறுதியில் வில்லியம்ஸுக்குச் சென்ற கடிதத்தை. எமிலியின் உண்மையை வெளியிட்டது தம் பெரும்பிழை என்றும், இனித் தமக்கு எழுதும் கடிதங்களில் எல்லிஸ் பெல் என்னும் பெயரன்றி வேறு வகையாற் சுட்டலாகாது என்றும் சார்லட் அதில் வேண்டிக்கொண்டார். தம் திரையை விலக்கியவர் தங்கையின் திரையைக் காக்க முயல்கின்றார்.

அவ்வாண்டு செப்டம்பரில் தம்பியும், டிசம்பரில் எமிலியும், 1849 மே திங்களில் ஆனும் மறைந்தனர். அத்துயரினூடே எழுதி முடிந்தது ‘ஷெர்லி’. முதல் இயலில் வரும் இளம் பாதிரிமார் பகுதியை நீக்குமாறு பதிப்பகத்தார் கூறிய அறிவுரையை, அஃது உண்மை வாழ்க்கையினின்று எடுத்தது என மறுத்தார். நூலுக்கு முதலில் எண்ணிய தலைப்பை அவர்கள் விரும்பவில்லை என்றதும் எளிதில் விட்டுவிட்டார். ‘ஜேன் அயர்’ நாவலைக் கடுமையாகத் தாக்கிய ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’ இதழுக்கு விடையாக அவர் எழுதிய முன்னுரையையும் பதிப்பகத்தார் ஏற்கவில்லை. அதனை மாற்றி எழுதவும் அவர் இசைந்திலர். பொதுமக்கள் முன் கண்ணீர் சிந்துதல் தமக்கு இயலாது என்று எழுதினார். முன்னுரையின்றியே நூல் வெளிவந்தது. அவர்கள் செய்தது நூலுக்கு நன்மையே என்று யாம் கருதுகின்றோம்; அவர் மறுத்ததும் தக்கதே.

1852-இல் ‘வில்லெட்’ எழுதுங்கால் நிகழ்ந்தது இவற்றினும் நுட்பமானது. அந்நாவலில் வரும் டாக்டர் ஜான் என்பான் பெரும்பாலும் ஜார்ஜ் ஸ்மித்தின் சாயலில் அமைந்தவன். கதைத்தலைவி லூசி அவனை மணத்தல் கூடாது என்றும், இளமையும் அழகும் நற்பேறும் வாய்ந்த அவனுக்கு ஏற்றவள் வேறொருத்தி என்றும் நவம்பரில் சார்லட் எழுதினார். யாருக்கு? ஸ்மித்துக்கே. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றினை அடுத்துக் கேட்போர் என்பதனையும் செய்யுள் உறுப்பாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. கேட்போர் இன்னார் என அறியாக்கால் இஃது ஒரு கதைக்குறிப்பு. அறிந்தபின் இதனை அங்ஙனம் படித்தல் அரிது.

இந்நூலுக்கு ஐந்நூறு பவுன் வந்தது. அவர் இதனினும் மிகுதியாக எதிர்பார்த்திருந்தும், கடிதத்தில் பொருள் குறித்து வாதிட்டாரில்லை. அவரை வருத்தியது, பணத்துடன் நூலைப் பற்றி ஒரு வரியும் வாராமையே. காரணமறிய இலண்டனுக்குப் புறப்பட ஆயத்தமாயிருந்த நிலையிலேதான் ஸ்மித்தின் கடிதம் வந்தது.

சார்லட்டின் கடிதங்களை மார்கரெட் ஸ்மித் என்னும் அறிஞர் மூன்று பெருந்தொகுதிகளாக 1995 முதல் 2004 வரை பதிப்பித்தார். அவருக்குப் பதிப்பகத்தார் எழுதியவற்றுள் எஞ்சியன மிகச் சில. ஆதலின் உரையாடலின் ஒருபாதியையே படிக்கின்றோம் என்பதனை ஆய்வாளர் மறத்தலாகாது. வில்லியம்ஸுக்கு எழுதுங்கால் அவர் திறனாய்வாளர். அவருடைய பெண்மக்களின் கல்வி குறித்து அறிவுரை கூறும் தோழியும் ஆவார். ஸ்மித்துக்கு எழுதுங்கால் எள்ளலும் விளையாட்டும் கலந்து வருகின்றன. ஸ்மித்தின் திருமணம் உறுதியான செய்தி கேட்டு 1853 டிசம்பரில் எழுதிய வாழ்த்தோ சில வரிகளே கொண்டது.

முதலில் மறுக்கப்பட்ட ‘பேராசிரியர்’ பற்றியும் ஒன்று கூறவேண்டும். அஃது ஒன்பது முறை மறுக்கப்பெற்ற பெருமை உடையது என்றும், இனி அதனை அலமாரியிற் பூட்டி வைப்பதாகவும் 1851 பிப்ரவரியில் ஸ்மித்துக்கு நகையாடி எழுதினார் சார்லட். அவர் மறைந்து ஈராண்டு கழித்து, 1857-இல், அந்நாவலை வெளியிட்டவர்கள் ஸ்மித் எல்டர் நிறுவனத்தாரே.