நம் உடலுக்கும் மனதுக்கும் ஓர் இருப்புக் கணக்கு



நோய் இல்லாதிருப்பதுதான் ஆரோக்கியம் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். 1948 ஏப்ரல் 7 முதல் நடைமுறையில் இருக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் அப்படிச் சொல்லவில்லை. உடல், மனம், சமூக உறவு மூன்றும் நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்கிறது. நாற்பது ஆண்டுகள் மொத்த மளிகை வியாபாரம் செய்த பிறகே இதன் பொருள் எங்களுக்கு விளங்கியது.

முதலில் உடல். விடியற்காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கிறோம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. இடையில் நாலைந்து டீ, ஒரு கை மிக்சர். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நாம் விற்கும் ஊறுகாயும் அப்பளமுமே அதைத் தாண்டிவிடும். கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவருக்குத் தொந்தி. நின்றபடியே பொட்டலம் போடும் பையனுக்குக் கால் நரம்பு சுருண்டுகொள்கிறது. பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அதன் பிறகுதான் எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90, வெறும் வயிற்றில் சர்க்கரை 126 என்ற அளவை எட்டினால் வைத்தியம் தேவை. வலி எதுவும் தெரியாது என்பதால்தான் தள்ளிப்போடுகிறோம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள்.

மனமும் சமூகமும் என்னவென்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சில்லறைக் கடைக்காரர். எங்களுக்கு 80 ஆயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தவர், திடீரென எங்கள் தெருப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். ஏமாற்றப் பார்க்கிறார் என்று முடிவுகட்டி வசூலுக்கு ஆள் அனுப்பினோம். போனவர், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே சத்தம் போட்டுவிட்டு வந்தார். அப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தேதான் அனுப்பினோம்.

ஒரு மாதம் கழித்து அவருடைய மனைவி வந்தார். “அண்ணாச்சி, அவர் ராத்திரி தூங்குறதே இல்லை. யார்கிட்டயும் பேசுறதில்லை. கல்யாணம் காட்சிக்குக் கூப்பிட்டாலும் வர்றதில்லை. பிரஷர் மாத்திரையையும் நிறுத்திட்டார்” என்றார்.

அன்று மாலையே நேரில் போனோம். முதலில் எங்களைப் பார்த்ததும் உள்ளே எழுந்து போய்விட்டார். பாக்கியைப் பற்றி வாய் திறக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவராகவே வந்து பேசினார். வாரம் 1,000 ரூபாய் தந்தால் போதும், புதிய சரக்கு ரொக்கத்துக்கு என்று கணக்கை மாற்றி எழுதினோம். டாக்டரிடமும் அழைத்துப் போனோம். அவர் மாத்திரையை மறுபடி தொடங்கி, மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். ஒன்றரை ஆண்டில் பாக்கி தீர்ந்தது.

கடனால் தூக்கம் போனதா, தூக்கம் போனதால் வியாபாரம் படுத்ததா, கூச்சத்தால் ஒதுங்கியதில் இரண்டும் முற்றியதா? எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும், எதிலும் நாட்டமில்லாமையும் நீடித்தால் அதைச் சோம்பல் என்று எண்ணாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அந்த மனநல மருத்துவர் எங்களிடம் சொன்னார்.

நேரில் சொல்லக் கூச்சப்படுபவர்களுக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். எங்கள் கல்லாவுக்கு மேலே, லாரி செட் எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். வசூலுக்குப் போகும் பையனிடமும் ஒன்று கொடுத்திருக்கிறோம்.