மக்பராவின் கூரையில் 10 இலட்சம் கிலோ சுமை!

தில்லி மாநகருக்குச் செல்லும் நம்மவர்கள் ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா அவர்களின் தர்காவிற்குச் செல்லத் தவறுவதில்லை. அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் முகலாயப் பேரரசர் ஹுமாயூனின் மக்பரா அமைந்திருக்கிறது. 1560களில் தொடங்கப்பெற்று 1570களின் தொடக்கத்தில் நிறைவெய்திய இக்கட்டடம், தாஜ்மஹாலுக்கு முன்னோடியாக விளங்குவது. பேரரசரின் துணைவியார் ஹாஜி பேகத்தின் விருப்பப்படி, பாரசீகச் சிற்பி மீரக் மிர்ஸா கியாஸ் இதனை வடிவமைத்தார். 1993-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தகைய புகழ்மிக்க கட்டடத்தின் கூரையிலிருந்து அண்மைக் காலத்தில் எவ்வளவு கான்கிரீட் அகற்றப்பட்டது என்பதை அறிவீர்களா? ஏறத்தாழ 10 இலட்சம் கிலோ! அதனை அங்கே ஏற்றியவர்கள் பகைவர்கள் அல்லர். பாதுகாக்க வேண்டும் என்று எண்ணியவர்களே!

நன்மை நாடிச் செய்த தீமை

இருபதாம் நூற்றாண்டில் மழைநீர் கசிந்தபோதெல்லாம், கூரையின் மீது அடுக்கின் மேல் அடுக்காகக் கான்கிரீட் போடப்பட்டது. உதிர்ந்த சுண்ணாம்புக் காரைக்குப் பதிலாகச் சிமெண்ட் பூசப்பட்டது. தளத்தில் பாவியிருந்த பெரும் பாறைக்கற்களும் கான்கிரீட்டுக்கு அடியில் மறைந்தன.

சிமெண்ட் வலிமையானதுதானே, அதனால் என்ன கேடு என்று நீங்கள் வினவலாம். பழங்காலச் சுவர் ஈரத்தை உள்வாங்கி, பின்னர் மெல்ல வெளியே விட்டுவிடும் இயல்புடையது. சுண்ணாம்புக் காரை அதற்கு வழிவிடும். சிமெண்டோ அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய ஈரம் ஓதமாக ஏறும், உப்புப் பூக்கும், கல்லும் செங்கலும் பொடிப்பொடியாக உதிரும். மேலும், சிமெண்ட் பழங்காரையைவிட மிகக் கடினமானது. வெயிலிலும் குளிரிலும் கட்டடம் விரிந்து சுருங்கும்போது மென்மையான பழைய கல்லே விரிசல் காணும். வெளியே பளபளப்பாகத் தோன்றும் பூச்சுக்குள்ளே சுவர் நலிந்துகொண்டே போகும்.

உளியும் பொறுமையும்

இந்தியத் தொல்லியல் துறையுடன் இணைந்து ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை இச்சீரமைப்பை மேற்கொண்டது. தோட்டப் பணி 2003-இல் முடிந்தது. கட்டடப் பணி நிறைவுற்று 2013 செப்டம்பரில் விழா நடைபெற்றது.

கூரைக் கான்கிரீட்டைப் பேரியந்திரங்களால் இடித்தெடுக்க இயலாது. அதிர்வு பழைய கட்டுமானத்தையே உலுக்கிவிடும். எனவே தொழிலாளர் கையாலேயே சிறிது சிறிதாகப் பெயர்த்தனர். சிமெண்ட் பூச்சு நீக்கப்பட்ட இடங்களில் மீண்டும் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டது. தளத்தின் கற்கள் வெளிக்கொணரப்பட்டு, மட்டம் பார்த்துப் பதிக்கப்பட்டன. கல்தச்சர், கொத்தனார் முதலிய கைவினைஞர்களின் உழைப்பு ஏறத்தாழ 2 இலட்சம் ஆள்நாள்கள் என்று கணக்கிடப்பட்டது. வண்ண ஓடுகள் செய்யும் கலையை நிஜாமுத்தீன் பகுதி இளைஞர்களுக்குக் கற்பிக்க உஸ்பெகிஸ்தானிலிருந்து உஸ்தாதுகள் வரவழைக்கப்பட்டனர். மறைந்துபோன கலையுடன் பிழைப்புக்கு ஒரு தொழிலும் அவ்விளைஞர்களுக்குக் கிட்டியது.

பின்னர் சேர்ந்தவை யாவும் வேண்டாதவையா?

அவ்வாறு எண்ணிவிடலாகாது. இதே மக்பராவினுள் பிற்கால முகலாயக் குடும்பத்தாரின் கப்ருகள் பல உள்ளன. அவையும் பின்னர் வந்தவையே. ஆயினும் அவை இவ்விடத்தின் வரலாறாகவே ஆகிவிட்டன. அவற்றை அகற்ற யாரும் நினைக்கமாட்டார்கள். ஒவ்வொரு காலத்தின் மதிப்புள்ள பங்களிப்பையும் மதிக்க வேண்டும், மதிப்புக் குறைந்ததை அகற்றுவதால் மதிப்பு மிக்கது வெளிப்படும் என்றால் மட்டுமே அகற்றலாம் என்பது 1964-இல் வெனிஸ் நகரில் வல்லுநர்கள் வகுத்த சாசனத்தின் கருத்தாகும். அம்முடிவைத் தனி ஒருவர் செய்தல் கூடாது என்றும் அது கூறுகிறது.

நம் ஊர்ப் பள்ளிவாசல்கள்

அன்பு வாசகர்களே! காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் ஊர்களில் கல் தூண்களும் கல் விதானமும் கொண்ட பழைய பள்ளிவாசல்கள் இருக்கின்றன. நம் பாட்டனார் காலத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைத்தார்கள். அத்தகைய சுவரின் மீது சிமெண்ட் பூசி, ஓடு பதித்து, தூண்களுக்கு எண்ணெய்ச் சாயம் அடிக்கத் தீர்மானிக்கும் முன் சற்று நின்று சிந்தியுங்கள்.

முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அடைபட்ட கூரைத் தூம்பு ஒன்றைச் சீர்செய்தாலே பலவேளைகளில் போதுமானதாக இருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மூத்த கொத்தனாரைத் தேடிப்பிடித்து, ஒரு மூலையில் செய்துபார்க்கச் சொல்லுங்கள். எதையும் பெயர்க்கும் முன் நிழற்படம் எடுத்து, அளவு குறித்து வையுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கட்டடமாயின், அதன் அனுமதியின்றி ஒரு கல்லையும் அசைத்தல் ஆகாது. 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-இல் அதில் செய்யப்பட்ட திருத்தமும் இதில் மிகக் கண்டிப்பானவை.

பழைய பள்ளிவாசல் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் புதுப்பிக்க நிதி திரட்டும் ஜமாஅத்தார், எதைச் சேர்ப்பது என்று பேசுவதற்கு முன்னால், முன்பு சேர்த்தவற்றில் எது கட்டடத்தை வருத்துகிறது என்று ஒருமுறை ஆராய்வார்களாக!