ஊசி இல்லாமலே பால் இறங்கும்

கோடம்பாக்கம் போன்ற சென்னைப் பகுதிகளில் ஒரு காலத்தில் பால்காரர்கள் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுத்தார்கள். கன்று இறந்துபோன மாடாக இருந்தால், கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்த பொம்மை ஒன்றும் கூடவே வரும். மாடு அதை நக்கும். மடியில் பால் இறங்கும். மாட்டை ஏமாற்றும் வேலைதான். ஆனாலும் ஊசியைவிட அது எவ்வளவோ மேல்.

பால் ஊறுவது வேறு, இறங்குவது வேறு. மடியில் பால் நாள் முழுவதும் ஊறுகிறது. அதில் பெரும்பகுதி நுண்ணிய பால் பைகளிலேயே தங்கிவிடும். காம்பை இழுப்பதால் மட்டும் அது வந்துவிடாது. கன்று முட்டுவதும், மடியைக் கழுவுவதும், தவிட்டு வாளியின் சத்தமும் மூளைக்கு எட்ட வேண்டும். உடனே மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. இதற்குத் தனிக் குழாய் கிடையாது. அதனால்தான் நாளமில்லாச் சுரப்பி என்று பெயர். சுமார் ஒரு நிமிடத்தில் ஹார்மோன் மடியை அடைந்து, பால் பைகளைச் சுற்றியுள்ள செல்களைச் சுருங்கச் செய்கிறது. பால் காம்புக்கு இறங்குகிறது. சில நிமிடங்களில் இதன் வேகம் அடங்கிவிடும்.

மாடு மிரண்டால் கதையே வேறு. சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விடுகிறது. பால் இறங்குவது தடைப்படுகிறது. மாடு பாலை எக்கிக்கொண்டது என்று கறப்பவர் அதை அடிப்பார். அடித்தால் இன்னும் எக்கும். ஆட்டோ ஹாரனுக்கும் தெரு நாய்க்கும் நடுவே நிற்கும் நகரத்து மாட்டுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

ஆக்ஸிடோசினை 1953-ல் அமெரிக்க விஞ்ஞானி வின்சென்ட் டு விக்னோ செயற்கையாகத் தயாரித்தார். 1955-ல் நோபல் பரிசும் பெற்றார். பிரசவத்துக்குப் பின் ஏற்படும் ரத்தப்போக்கைத் தடுத்துத் தாய்மாரைக் காக்கும் அருமையான மருந்து இது. இதையே சிலர் வேளைக்கு வேளை மாட்டுக்குக் குத்துகிறார்கள். தனியார் தயாரிப்புக்கு மத்திய அரசு 2018-ல் விதித்த தடையை, அதே ஆண்டு டிசம்பரில் டில்லி ஐகோர்ட் ரத்து செய்தது. ஆனால், பால் கூட்டுவதற்காகக் கறவை மாட்டின் உடல்நலம் கெடும்படி ஊசி போடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். மாட்டையே பறிமுதல் செய்யவும் அதில் இடம் உண்டு.

இந்த ஹார்மோன் புரத வகையைச் சேர்ந்தது. குடிப்பவர் வயிற்றில் செரித்துவிடும். நஷ்டம் மாட்டுக்குத்தான். தொடர்ந்து ஊசி போட்டால், மாட்டின் சொந்த ஹார்மோனுக்கு மடி சரிவர மசிவதில்லை. பிறகு ஊசி இல்லாமல் கறக்கவே முடியாத நிலை வரும். இந்த ஹார்மோன் கருப்பையையும் சுருக்கும் என்பதால் சினை மாட்டுக்கு ஆபத்து.

தினமும் ஒரே நேரத்தில், பழகிய கையே கறக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவித் துடைத்து, ஒரு நிமிடம் கழித்துத் தொடங்கி, ஏழு நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். இடையில் எழுந்து போகக் கூடாது. ஊசிக்குப் பழகிவிட்ட மாட்டை மாற்றும்போது முதலில் பால் குறையும். தங்கிய பாலால் மடி நோய் வரலாம் என்பதால், வேப்பேரி கால்நடை மருத்துவமனையிலோ அருகில் உள்ள கால்நடை டாக்டரிடமோ முன்கூட்டியே யோசனை கேட்டுக்கொள்வது நல்லது.