ஈன்ற பசுவும் கலங்களின் கையிருப்பும்

ஹட்டன், டயகம, அக்கரப்பத்தனைப் பகுதிகளிலே லயங்களின் பின்புறத்தில் தகரக் கொட்டில் அமைத்துப் பசு வளர்க்கும் தொழிலாளர் குடும்பங்கள் பல உள. தோட்டச் சம்பளம் எட்டாத இடத்திற் பால் விற்ற காசு கைகொடுக்கும். ஆதலின் பசு படுத்தால் வீடும் படுக்கும். கன்று ஈன்ற சில வாரங்களுள், அதிலும் நன்றாகக் கறக்கும் பசுவுக்கே, மடிவீக்கம் முதலிய நோய்கள் மிகுதியாக வருதலை இவர்கள் அறிவர். கண்ணூறு என்பாரும் உளர். நாம் காரணத்தைக் கலங்களின் சக்திக் கணக்கிலே தேடுவோம்.

ஒவ்வொரு கலமும் தன் செலவுக்கு அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் பொருளையே நாணயமாகக் கொண்டுள்ளது. இதனைக் காள் லோமன் 1929 இற் கண்டறிந்தார். இது பெட்டியிற் பூட்டிவைக்கும் பணமன்று, சில்லறைக் காசு. ஆக்க ஆக்கச் செலவாகிக்கொண்டே இருக்கும். செலவு மிகுந்து வரவு குன்றினால் அதன் எச்சமாகிய அடினோசீன் ஒருபொசுபேற்றுக் கலத்திலே பெருகும். அதனை உணர்ந்து செயற்படும் நொதியம் ஒன்றுண்டு, ஏ.எம்.பி.கே. எனச் சுருக்கமாக வழங்குவர். அது புதியன கட்டும் வேலைகளைத் தடுத்து, எரித்துச் சக்தி பெறும் வேலைகளை முடுக்கும். வீட்டிலே அரிசிப் பானை காலியாகும்போது சுவர் கட்டுவதை நிறுத்துவது போன்றது இது.

கிருமியை எதிர்த்தலோ பெரும்பாலும் கட்டும் வேலையே. நிணநீர்க் கலங்கள் பல்கவேண்டும், பிறபொருளெதிரிகள் ஆக்கப்படவேண்டும். கிருமியை விழுங்கும் வெண்குருதிக் கலங்களிற் பெரும்பாலானவை இழைமணிகள் குறைந்தவை. குளுக்கோசையே நம்பி வாழ்பவை.

இங்கேதான் பசுவின் இடர்ப்பாடு. புல்லிலிருந்து நேரே பசுவுக்குக் கிடைக்கும் குளுக்கோசு மிகச் சிறிது. அசைபோடும் இரைப்பையிலே நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைத்துத் தரும் புரோப்பியோனிக் கமிலத்திலிருந்து ஈரலே பெரும்பகுதியை ஆக்கவேண்டும். பாலின் வெல்லமாகிய இலற்றோசும் அக்குளுக்கோசிலிருந்தே வருவது; ஓர் இலீற்றர் பாலுக்கு ஏறத்தாழ 70 கிராம் வேண்டும். ஈன்ற பசுவுக்கு அவ்வேளையிற் பசியும் மந்தம். மடி கேட்பதை வாய் கொடுக்கமாட்டாது. உடற்கொழுப்புக் கரைந்து ஈரலிற் சேர்கிறது. கீற்றோன்கள் குருதியிற் பெருகுகின்றன. சில பசுக்களின் மூச்சிலேயே அந்த இனிப்பு நாற்றம் வீசும். கொழுப்பமிலங்களும் கீற்றோன்களும் மிகுந்த குருதியில் வெண்குருதிக் கலங்களின் கொல்லும் ஆற்றல் குன்றுகிறது.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலுள்ள ஏம்சு நகரிற் செய்த இரு ஆய்வுகள் நம் கருத்தைக் கவர்ந்தன. 1999 இல் வெளியான ஒன்றிலே, மடி அகற்றப்பட்ட சினைப்பசுக்களை ஏனைய பசுக்களோடு ஒப்பிட்டனர். பேறுகாலத்தில் இருசாராரின் வெண்குருதிக் கலங்களும் தளர்ந்தன. மடியற்றவற்றில் அவை விரைவில் மீண்டன. எனவே தளர்ச்சி முழுவதற்கும் பாலே காரணமன்று, ஓமோன்களுக்கும் பங்குண்டு. மீட்சியைத் தாமதிப்பது பால். 2017 இல் வெளியான மற்றொன்றிலே, பாற்பசுக்களுக்குப் பற்றீரியா நஞ்சைச் செலுத்திக் குருதிக் குளுக்கோசு குறையாவண்ணம் வெளியிலிருந்து ஊட்டினர். 12 மணி நேரத்தில் நிர்ப்பீடனத் தொகுதி ஒரு கிலோகிராமுக்கு மேல் உட்கொண்டதாகக் கணித்தனர். ஏறக்குறைய 15 இலீற்றர் பாலுக்கு வேண்டிய அளவு அது! காய்ச்சற்காரப் பசு பால் மறுப்பது அடமன்று.

‘இலங்கணம் பரம ஒளடதம்’ என்பார் குறுக்கிடலாம். அவர் கூற்றும் முற்றும் பொய்யன்று. 2016 இல் யேல் பல்கலைக்கழகத்தார் எலிகளிற் கண்டது, பற்றீரியா அழற்சியிற் குளுக்கோசு ஊட்டல் தீங்கு செய்தது, இன்புளுவென்சாவில் நன்மை செய்தது என்பதே. ஆயினும் அவை பால் கறக்கும் எலிகளல்ல.

மலைநாட்டின் குளிர், பிரீசியன், அயர்சயர், ஜேர்சி இனங்களுக்கு ஏற்றது; தீனி அவ்வாறன்று. தென்மேற்குப் பருவமழையிலே தேயிலைச் சரிவுகளின் ஓரத்தில் அறுக்கும் புற்கட்டிற் பாதிக்கு மேல் நீர். தலைச்சுமை கனக்கும், பசுவின் வயிறு நிரம்பும், ஈரலுக்குக் கிடைப்பது சொற்பம். 2022 நெருக்கடியிலே மாட்டுத்தீன் விலை ஏறியபோது பலர் முதலிற் குறைத்தது புண்ணாக்கையும் தவிட்டையுமே. வாங்கமுடிந்த சிறு மூட்டையை ஆண்டு முழுவதும் பகிராது, ஈனுமுன் மூன்று வாரமும் ஈன்றபின் மூன்று வாரமும் படிப்படியாகக் கூட்டிக் கொடுப்பதே அதற்குத் தக்க இடம் என்பது நம் துணிபு.